அரைக்கால் பங்கு

ஒல்லாந்தர் கறுவா அடுக்கிய கிட்டங்கி இது.
எட்டு வருடமாய் இங்கிலீசுக்காரர் இதை
நீதிமன்றம் என்கிறார்கள்.
மழை நாளில் சுவர் இன்னும் பட்டை வாசம் விடும்;
சாட்சிகள் எல்லோருமே
கொஞ்சம் இனிப்பாய்ப் பொய் சொல்வதுபோல் இருக்கும்.

நான் துபாஷி, கஸ்பார் செட்டி.
மாதம் பன்னிரண்டு இறைசால்,
ஒரு நாற்காலி, கை வைக்காதது.

அன்று மேசைமேல் மெழுகுத்துணிப் பை.
உள்ளே மொரீசுத் தீவுக் கடுதாசி, சிவப்பு அரக்கு முத்திரை:
இன்ன கப்பலின் இன்ன தலைவன்
எதிரியின் கப்பலைப் பிடிக்கலாம், விற்கலாம்,
விற்றதில் அரசுக்கு இவ்வளவு.
'இவனுக்குத் தமிழில் என்ன பெயர்?' என்றார் நீதிபதி.
கடற்கள்ளன் என்றேன்.
'கள்ளனைத் தூக்கில் போடுவோம்.
இவனுக்குக் கோழிக்கறி கொடுக்கிறோம்.
வேறு சொல் தேடு.'
சீட்டுக் கள்ளன் என்று எழுதி, அடித்து,
இடத்தை வெறுமையாய் விட்டேன்.

அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு இருபது வயதிருக்கும்.
சன்னலோரம், வெயிலில் உரிந்த மூக்கைச் சொறிந்தபடி
கோட்டைக் காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தண்டல் சேகாதி நெய்னாவை அழைத்தார்கள்.
காயல்பட்டினம். சொந்தத் தோணி.
அரிசி முன்னூறு மூட்டை, புடவை நாற்பது கட்டு.
வாடைக் காற்றில் கற்பிட்டி தாண்டி
சிலாபத்துக்கு நேரே வந்தபோது மூன்று பாய்மரம்.

"முதல்ல வந்தவன் மரியாதக்காரன், துபாஷி.
ஒரே குண்டு, அதுவும் தண்ணியில.
ஏறி வந்து கணக்கு எழுதினான்.
ரசீது தந்தான், பாருங்க."
மடியிலிருந்து எடுத்தார். எழுத்தெல்லாம் உப்பில் கரைந்து
பழுப்புக் கறையாய் இருந்தது.
"ஆறு பேரை என் தோணியில விட்டுட்டு
அடுத்த பாய் தேடிப் போயிட்டான்.
மூணாம் நாள் ராசா கப்பல் வந்து மீட்டுச்சு.
அவங்க ரசீது தரல்ல."

மீட்புக்கு விலை உண்டு, சட்டம் அப்படி.
சரக்கில் எட்டில் ஒன்று மீட்ட கப்பலுக்கு.
நீதிபதி வாசிக்க நான் தமிழாக்கினேன்:
'தண்டல், அரைக்கால் பங்கு கேட்கிறார்கள்.'

அவர் சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.
திரும்பி வாசலைக் காட்டினார்.
படியில், மழைக்கு ஒதுங்கி,
சுக்கானி கலந்தர் உட்கார்ந்திருந்தான்.
இடது முழங்காலுக்குக் கீழே
சாக்குத் துணி சுற்றி முடிந்திருந்தது.
ராசா கப்பலின் இரண்டாவது குண்டு
யார் எவர் என்று கேட்காமல் சுக்கானில் இறங்கியது.

"அரைக்காலா?
அத அன்னைக்கே எடுத்துக்கிட்டாங்களே."

'என்ன சொல்கிறான்?'

எனக்கு நான்கு மொழி தெரியும்.
போர்த்துக்கீசில் செபம், ஒல்லாந்தில் கணக்கு,
இங்கிலீசில் சம்பளம்,
மிச்சமெல்லாம் தமிழில்.
அந்த ஒரு சொல் தமிழை விட்டு எழும்ப மறுத்தது,
பாறையில் மாட்டிய நங்கூரம்போல்.
எட்டில் ஒன்றையும் அறுந்த காலையும்
ஒரே மூச்சில் சொல்ல அவர்கள் பாஷையில் வழி இல்லை.
'பங்கு ஏற்கனவே கட்டியாயிற்று என்கிறான், ஐயா.'
'ரசீது இருக்கிறதா?'

இல்லை.

முப்பத்தேழரை மூட்டை. ஐந்து கட்டுப் புடவை.
அந்த அரைக்காக ஒரு மூட்டையைக் கிழித்து
கிட்டங்கி வாசலில் அளந்தார்கள்.
சிந்தியதைக் காக்கைகள் எடுத்தன.
அவற்றிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.
பிரெஞ்சுக்காரன் படி இறங்கும்போது
கலந்தரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.
கலந்தர் கவனிக்கவில்லை,
அளவு சரியா என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

மாலையில் எழுத்தன் பதிவேட்டை நீட்டினான்,
வெறுமையாய் விட்ட இடத்தில் விரல் வைத்து.
மை தீர்ந்துவிட்டது என்றேன்.
அன்று சம்பள நாள்.
கையெழுத்திட்டு என் சீட்டை வாங்கினேன்.
அரக்கு இன்னும் சூடாக இருந்தது.