கேள்வி எண் பதினான்கு

ஒரு கேள்விக்கு அறுபது ரூபாய்.
வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக
அண்ணா நகர் கோச்சிங் சென்டருக்கு
வாரம் இருபது குடும்பங்களைச் செய்து அனுப்புகிறேன்.
என் குடும்பங்களில்
மெய்யர் எப்போதும் மெய்யே சொல்வார்,
பொய்யர் எப்போதும் பொய்யே.
மாமனார் பொய்யர், நாத்தனார் மெய்யர் என்று
பென்சிலால் ஒரு கட்டம் போட்டால்
அரை மணியில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.
'சில சமயம்' என்ற சொல்லை
நான் உள்ளே விட்டதே இல்லை.

அப்பா போய் ஏழு வாரம்.
தண்டையார்பேட்டை தாலுகா ஆபீஸ், வாரிசுச் சான்றிதழ்.
காகிதம் பறக்காமலிருக்க ஆர்.ஐ. மேசையில்
சாவி தொலைந்த ஒரு பூட்டு.
எண்ணூரிலிருந்து வந்த பையன்
பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஆதாரை எடுத்தான்.
ச. அமலன்.
என் பெயருக்கு முன்னால் நிற்கும் அதே ச.
துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்
ஒரே எழுத்தை
இரண்டு வீட்டில் இறக்கியிருக்கிறார்.

"இவங்க என் அக்கா சார்" என்றான்.
"இவன் என் தம்பி இல்ல" என்றேன்.
ஆர்.ஐ. அம்மாவைப் பார்த்தார்.
அம்மா கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்து, மாட்டி,
எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு,
"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க சார்."

படிக்கட்டில் அவனுடைய அம்மா நின்றிருந்தாள்.
யாரும் அவளைக் கேட்கவில்லை.
வாய் திறக்காதவரை எழுத
என் கட்டத்தில் இடமில்லை.

திரும்பும்போது, கல்மண்டபம் சிக்னலில்,
டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
அவன் மெய் என்றால் நான் பொய்.
நான் மெய் என்றால் அவன் பொய்.
எப்படிப் போட்டாலும் ஒருவர் பொய்,
எப்படிப் போட்டாலும் அம்மா மெய்யர்.
மறுக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு
எதையுமே சொல்லாமல் வந்திருக்கிறாள்.
அவனுக்குப் பதினேழு வயது.
பதினேழு வருஷமும் இப்படியேதானா அம்மா?

அந்த வாரம் பத்தொன்பதுதான் தேறியது.
பெயர்களை மட்டும் மாற்றி
இதைப் பதினான்காவதாகச் செருகினேன்.
அவன் அவளுக்குத் தம்பியா?
விடை: (ஈ) தரவு போதாது.
சரிபார்க்கும் சுகிர்தன் சார்
சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார்:
'தாயின் கூற்று புதிதாக எதையும் தரவில்லை. நீக்கவும்.'

நீக்கவில்லை.
என் கூற்றை அடித்தேன்.
'இவன் என் தம்பி' என்று
சும்மா எழுதிப் பார்த்தேன், மேலே, சின்னதாக.
இப்போது இருவரும் ஒன்றையே சொல்கிறோம்.
இருவரும் மெய், இல்லையேல் இருவரும் பொய்.
ஒருவர் மட்டும் என்பது
எந்தப் பக்கமும் நிற்க மாட்டேன் என்கிறது.
அவன் யார் என்பது இப்போதும் வராது.
ஒன்று மட்டும் வந்துவிட்டது,
வேறு வழியே இல்லாமல்:
தாய் பொய்யர்.

அம்மா அடுப்படியில்
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.
நோட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்து
அம்புக்குறி போட்டு விளக்கினேன்.
நான் மெய் பேச வேண்டுமென்றால்
நீ, என்று தொடங்கி
முடிக்காமல் விட்டேன்.
இரண்டு மீன் ஆயும் நேரம்.
"நான் பொய்யின்னு வரணும், அவ்ளோதானே?
எழுதிக்கோ."

செதில் ஒட்டிய புறங்கையால்
கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேட்டாள்:
"அந்தப் புள்ள அன்னிக்கு
சாப்ட்டுட்டுதான் வந்துச்சா?"

தெரியவில்லை.
திங்கட்கிழமை பதினொரு மணிக்கு
மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.