மைனஸ் ஏழு

மலை என்றால் நிற்க ஓர் இடமாவது இருக்கும்.
இது சுவர்.
மோசல் ஆற்றிலிருந்து நேராக எழுந்து
கொடிகளைச் சட்டைப் பொத்தான் போல
கழுத்துவரை மாட்டிக்கொண்டிருந்தது.
கால் வைத்த இடமெல்லாம் சிலேட்டுத் துண்டுகள் சரிய
யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

மூன்று நாள் தங்குவதாகப் பேச்சு.
இன்று ஒன்பதாம் நாள்.
ஹில்ட்ரூட் வீட்டு மாடி அறையில்
பூனைக்கும் எனக்கும் ஒரே கணப்பு.

கடைசி நாலு வரிசையை மட்டும் பறிக்காமல்
வலை போர்த்தி விட்டிருக்கிறாள்.
டிசம்பர் முழுக்கச் சுருங்கி
புத்தாண்டு வேட்டுக்கும் உதிராமல்
தொங்குகின்றன ரீஸ்லிங் குலைகள்.
மைனஸ் ஏழைத் தொட்டால்தான் பறிக்கலாம், சட்டம் அப்படி.
தண்ணீர் கல்லாகிப் பழத்துக்குள்ளேயே நின்றுவிட
பிழிந்தால் தேன் மட்டும் வெளியே வருமாம்.

ஆறு வரை போகிறது.
ஐந்தரைக்குத் திரும்பிவிடுகிறது.
வெப்பமானியின் கண்ணாடியைத் தட்டுகிறான் அவள் தம்பி கெரெயோன்
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல.
வாழ்நாள் முழுக்க விசிறி தேடிய என் உடம்பு
நள்ளிரவில் சன்னலைத் திறந்து
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
குளிரைக் கெஞ்சுகிறது.

பறிக்க வந்த ருமேனியர் நால்வரும்
அடுக்களையில் சீட்டாடுகிறார்கள்.
தோற்றவர் வெளியே போய்ப் பார்த்து வரவேண்டும்.
வியோரிகாதான் எப்போதும் தோற்கிறாள்.
திரும்பி வந்து, மூக்கு சிவக்க, விரல்களைக் காட்டுகிறாள்:
ஒரு கை முழுதாக, மறு கையில் ஒன்று.
ஏழாவது விரலுக்காக
ஒரு வீடே விழித்திருக்கிறது.

பதினோராம் நாள் விடிகாலை
கூரையில் கேட்டது.
யாரும் எழுந்து பார்க்கவில்லை.
மழை.

மதியம் ஒற்றைத் தண்டவாள வண்டியில்
முதுகு சாய ஏறிப் போனோம்.
வலையின் அடியில் கிழிசல், சுற்றிலும் பன்றிக் குளம்புகள்.
மிஞ்சிய குலைகள் கை பட்டதும் குழைந்தன.
ஹில்ட்ரூட் ஒரு பழத்தை வாயில் போட்டாள்,
விதையைத் துப்பினாள்.
கீழே பழைய இரும்பு ஏற்றிய படகொன்று
அவசரமே இல்லாமல் வளைவில் திரும்பியது.
"பன்றிகளுக்கு நல்ல வருஷம்" என்றாள்.
அவ்வளவுதான்.

இரவு எல்லோரையும் நிலவறைக்குக் கூப்பிட்டாள்.
சுவரில் வெள்ளம் ஏறிய கோடுகள்.
தொண்ணூற்று மூன்று என் நெற்றிக்கு மேலே.
அவளுக்குத் திருமணமான ஆண்டு இடுப்பளவு.
சேறு தின்ற லேபிளோடு ஒரு புட்டி எடுத்தாள்,
எந்த ஆண்டென்று அவளுக்கே தெரியாது.
காப்பிக் கோப்பைகளில் ஊற்றினாள், ஆளுக்குச் சரிபாதி விழுங்கு.

மூக்கருகே கொண்டுபோனேன்.
எலுமிச்சை இல்லை. பூ இல்லை.
"பழைய ரீஸ்லிங் அப்படித்தான், பெட்ரோல் வாசம்" என்றான் கெரெயோன்.
எனக்கு அது பெட்ரோல் இல்லை.
மண்ணெண்ணெய்.
என் மொழியில் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.
புரியவில்லை என்றதும் பிரித்துச் சொன்னேன்:
மண். எண்ணெய்.

முதல் பாதியில் ஹில்ட்ரூட் நிமிர்ந்தாள்.
அவள் மொழியில் அந்த ஒலிக்குக் கணவன் என்று பொருள்.
"எங்கே?" என்று கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"பதினாறு வருஷமாக ஆளையே காணோம்,
இங்கேயா ஊறிக்கொண்டிருக்கிறான்!"

முதலில் சிரித்தது வியோரிகா.
பிறகு புட்டி காலியாகும்வரை யாரும் நிறுத்தவில்லை.
மேலே மழை விட்டிருந்தது,
படிவழியே குளிர் இறங்கிக் கணுக்காலைப் பிடித்தது.
எத்தனை டிகிரி என்று பார்க்க
ஒருவரும் போகவில்லை.