முப்பதாம் தேதிப் பக்கம்

ஃபலேயோலோவிலிருந்து பாங்கோ பாங்கோவுக்கு
நூற்றைம்பது கிலோமீட்டர், எல்லாம் கடல்.
முப்பத்தைந்து நிமிடம்.
எதிர்க்காற்று முரண்டு பிடித்தால் நாற்பது.
பத்தொன்பது இருக்கை கொண்ட சின்ன விமானம்,
பெட்டியோடு ஆளையும் நிறுத்தே ஏற்றுவோம்.
நிறுப்பவன் நான்.

கைக்கடிகாரத்தைத் திருக வேண்டாம்.
இங்கே பத்து என்றால் அங்கேயும் பத்து.
கிழமைதான் வேறு.
திங்கள் காலை ஏறுகிறவர்
ஞாயிறு காலை இறங்குவார்.
கேட்டு முடித்த பிரசங்கத்தை
இன்னொரு பாதிரியார் வாயால்
இன்னொரு முறை கேட்கலாம்.
பிறந்தநாளை இரண்டாகப் பெருக்கப் போகிறவர்கள்
கேக்கை ஏந்தியபடி எடைமேடையில் நிற்பார்கள்.
'கேக்கையும் சேர்த்தா?'
சேர்த்துத்தான்.

முன்பு இரு கரைக்கும் ஒரே கிழமை.
இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசி வாரம்
தேதிக்கோட்டைத் தாண்டி
நாட்டையே இந்தப் பக்கம் நகர்த்திவிட்டார்கள்.
வியாழன் இரவு படுத்தோம்,
சனிக்கிழமை விடிந்தது.
வெள்ளி எங்கே என்று
என் மகன் கட்டிலுக்கடியில் தேடினான்.
வராத நாளுக்கும் சம்பளம் வந்தது.
வாங்கிக்கொண்டேன்.

அந்த வெள்ளியில்தான்
ரோபாட்டி வருவதாக இருந்தது.
பாங்கோவின் டூனா ஆலையில்
டப்பாக்களுக்கு மூடி போடுகிறவன்.
'முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை,
கட்டாயம் வருகிறேன், வாசலில் நில்'
என்று ஃபுவாதினோவுக்குச் சொல்லியனுப்பியிருந்தான்.
அவள் நிற்கவில்லை.
'இல்லாத நாளில் வருகிறேன் என்பவனுக்கு
எந்த வாசலில் போய் நிற்பது?'
மீன் சந்தையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்,
பல வருடம்.
கேட்கிறவர்களும் சிரித்துவைத்தோம்.

போன ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை,
எடைமேடையில் வந்து ஏறினாள்.
ஒரு கையில் வறுத்த கொக்கோ மூட்டை,
மறு கையில் செருப்பு.
ரோபாட்டிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம்,
அவன் தங்கை எழுதியிருக்கிறாள்.
'எவ்வளவு?'
எண்பத்தொன்று.
'அப்படியே எழுது.
குறைத்து எழுதினால் கடலுக்குத் தெரிந்துவிடும்.'

அங்கே புதன் மதியம் கிளம்பி
இங்கே வியாழன் மதியம் வந்தாள்.
இடையில் விழுங்கிய நாளைப் பற்றி
எல்லோரும் ஏதாவது வேடிக்கை சொல்வார்கள்.
இவள் பெட்டியை எடுக்காமல்
என் மேசைக்கு வந்தாள்.

'நான் வந்தேனே என்கிறான்.
எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை இருந்ததே என்கிறான்.
வாசலில் இருட்டும்வரை நின்றானாம்.
ஆளில்லையாம்.
பிறகு திரும்பிவிட்டானாம்.'

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

'உன் பழைய ஏட்டில் இருக்குமா?
யார் வந்தார், எவ்வளவு கனம்?'

பரணிலிருந்து எடுத்து, கரப்பான் தட்டி,
அவள் முன்னாலேயே விரித்தேன்.
இருபத்தொன்பது.
அடுத்த பக்கம் முப்பத்தொன்று.
முப்பதாம் தேதிக்குப் பக்கமே இல்லை, அம்மா, என்றேன்.
'இல்லைதான்' என்றாள்.

அவர்கள் வெள்ளிக்கிழமை புறப்பட்ட விமானம்
நம் சனிக்கிழமையில் இறங்கியிருக்கும்.
முப்பத்தொன்றாம் தேதிப் பக்கம்
என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.
ஒரு விமானம், பதினொரு பேர்,
என் கையெழுத்தில் பெயரும் எடையும்.
விரலை எடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.
சந்தையில் சில்லறைக் காசுவரை
மனக்கணக்காய்ச் சொல்கிறவள்.

வரிசையில் அடுத்தவர் மேடையில் ஏறிவிட்டார்.
முள் ஆடிக்கொண்டிருந்தது.