எல்லா மலைக்கும்

கடைக்காரப் பெடியன் ஹென்ரிக்
வெள்ளிக்கிழமை வரைதான் எடுத்துவைப்பானாம்.
இன்று புதன்.
இளவாலையில் பதினொரு மணி வெயில்
கிணற்றுக்கட்டில் கால்வைக்க விடவில்லை.

கைபேசியை முருங்கை நிழலுக்குள் பிடித்து
இரண்டு சோடி ஸ்கீகளை மாறிமாறிப் பார்க்கிறேன்.
ஒன்று நூற்று நாற்பத்தொன்பது சென்றிமீற்றர்,
மற்றது நூற்று ஐம்பத்தாறு.
இரண்டுக்கும் கீழே ஒரே வசனம்:
எல்லா மலைக்கும் ஏற்றது.

எட்டிப் பார்த்த மச்சாள் தவமலர்
"அப்ப கீரிமலைக்கும் கொண்டுபோகலாம்" என்கிறாள்.
பேரில் மட்டும் மலை வைத்திருக்கிற இடம்,
கேணியைத் தாண்டினால் கடல்.
அங்கே சறுக்கப் படியில் பாசி போதும்.

எனக்கு அறுபத்திரண்டு.
இடது முழங்கால்
மழைக்கு முதல் நாளே செய்தி வாசிக்கும்.
பழகியதே நாற்பத்தைந்தில்,
மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரும் வரவேண்டிய ஒரு நாள்.
அவள் மேலிருந்து கீழே ஒரு கோடு.
நான் கீழேயே ஒரு குவியல்.

இப்போது நீலப் பாதை என் குசினி மாதிரி.
சிவப்பிலும் போவேன்,
வெளிச்சமும் நேற்று விழுந்த பனியும் இருந்தால்.
கறுப்பை லிஃப்டில் இருந்தபடி பார்ப்பேன்,
கலியாண வீட்டில் பிறத்தியாரின் நகையைப் பார்ப்பதுபோல.

படிவம் கேட்கிறது, உங்கள் தரம் என்ன என்று.
நடுத்தரம் என்று போட விரல் கூசுகிறது.
பதினேழு வருசம் ஒரே வகுப்பில் இருக்கிற பிள்ளை!

பழைய சோடி பக்கத்து வீட்டு ஆர்னேயுடையது.
ஆறடி மனிசன்.
இடுப்பெலும்பு மாற்றிய பிறகு
நூறு குரோனருக்குத் தந்தார்.
நான் திரும்பி முடிந்தபின்தான் அது திரும்பத் தொடங்கும்.
இவ்வளவு காலமும்
இன்னொருவரின் நீளத்தில் வழுக்கியிருக்கிறேன்.

அதற்குள் நில அளவையர் அலோசியஸ் வந்துவிட்டார்.
அண்ணன் பரநிருபசிங்கத்துக்கும் மேற்கு வளவுக்காரருக்கும்
வேலியில் ஒன்றரை அடி பிசகு.
அதில் ஒரு கையெழுத்துக்குத்தான்
நான் மூன்று விமானம் மாறி வந்தது.

அவர் ரேப்பைச் சுருட்ட முதல் கேட்டேன்:
"இந்தச் சுவரிலும் ஒருக்கால் பிடிப்பீங்களோ?"
"எவ்வளவுக்கு?" என்றார்.
ஏன் என்று கேட்கவில்லை.
அவர் தொழிலில் ஏன் என்று கேட்டால்
மத்தியானச் சோற்றுக்கு வீடு போக ஏலாது.

சோக்கட்டியால் இரண்டு கோடு.
செருப்பைக் கழற்றிச் சுவரோடு நின்றேன்.
தவமலர் கண்ணைச் சுருக்கி அளவு சொன்னாள்:
ஒன்று மூக்குக்கு, மற்றது பொட்டுக்கு மேலே.

"விலை ஒண்டுதானே, நீட்டை எடு" என்றான் அண்ணன்.
அலோசியஸ் பையைப் பூட்டியபடி
"கூட எடுத்தா பிறகு வழக்கு வரும்" என்றார்.

பின்னேரம் றீலோட் அட்டைக்குச் சைக்கிளில் போனேன்.
தெல்லிப்பழை ரயில் கடவை மேட்டால் இறங்க
ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது.
யோசிக்க முதல்
முழங்கால் தணிந்தது,
இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது,
குட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
அவ்வளவு சின்னத் திருப்பம்.
அதுதான் என் அளவு.

கடை வாசலிலேயே நின்று அனுப்பினேன்:
நடுத்தரம். நூற்று நாற்பத்தொன்பது.

திரும்பி வர
மேற்கு வளவுக்காரர் வேலிக்கு மேலால்
எங்கள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்,
அந்த இரண்டு வெள்ளைக் கோடும்
எந்த எல்லைக்கு என்று தெரியாமல்.