நில்

ஆறு பழைய டெனிஸ் பந்துகள்.
மூன்றில் சிவப்பு மை, மூன்றில் நீலம்,
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பொட்டு.
வெள்ளவத்தை, ஐந்தாம் மாடிக்கும் மேலே,
தண்ணீர்த் தாங்கிக்கும் கொடிக்கயிற்றுக்கும் இடையில்
பதினெட்டு மீற்றர் இல்லை எங்களிடம்.
பதினொன்று இருக்கிறது.
மிச்ச ஏழையும்
வேகத்தால் கழித்துவிடுகிறாள் தில்ஹானி.

துடுப்பைத் தோளிலேயே வை, என்கிறாள்.
அடிக்காதே.
நிறம் மட்டும் சொல்.

'நீ' என்று வாய் திறக்கையில்
பந்து என் பின்னால் கட்டிய போர்வையில் மோதி
விழுந்து உருண்டுகொண்டிருக்கும்.
நீலம் என்ற சொல்லே நீளம்.
அவளுடைய மொழியில் சொல்லிப் பார்த்தேன்:
நில்.
ஒரு மூச்சுக்குள் அடங்கிற்று.
சிவப்பென்றால் அடி, நீலமென்றால் விடு
என்பது அவள் போட்ட சட்டம்.
அவளுக்கு அது வெறும் நிறம்.
என் காதில் கட்டளை.

இந்த உடம்பு கிரிக்கெட்டில் வளர்ந்தது.
அதற்கு நிலம் வேண்டும்.
பந்து குத்தவேண்டும்,
குத்திய இடம் சொல்லவேண்டும்
முன்னே வா, பின்னே போ என்று.
இங்கே நிலம் வாய் திறப்பதில்லை.
சொல்வதெல்லாம் கைதான்,
அதுவும் விரலைவிட்டுப் பந்து பிரிகிற
அந்த ஒரு இமைப்பில்.

நேர்ப்பந்து என்றால் இரண்டு விரலும் பின்னால் மறைந்திருக்கும்.
வளைபந்து என்றால் மணிக்கட்டு ஓரம் காட்டும்,
கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பவரைப்போல;
மயிரிழை அளவு மேலே துள்ளிப்
பிறகுதான் இறங்கும்.
மூன்றாவது, பொய்.
கை விரைய, பந்து சோம்பும்.
அதற்குத் தில்ஹானி வைத்த பெயர் சம்பளப் பந்து.
வருகுது வருகுது என்று காட்டும்.
வராது.

காலையில் காலி வீதியிலும் இதே பாடம்.
தெஹிவளைப் பக்கமிருந்து பஸ் தலை காட்டும்போதே
நூறா, நூற்றியிரண்டா என்று எனக்குள் பந்தயம்.
எண் தெரிவதற்கு முன்,
சரிந்த இடத் தோள், முன்கண்ணாடியில் மினுங்கும் விளக்கு,
பிரேக் போடுமுன் ஒரு தயக்கம்.
பிழையான பஸ்ஸுக்குக் கை காட்டி
எத்தனை கொண்டக்டர்களிடம் பேச்சு வாங்கினேன்.
கந்தோரில் காப்புறுதிக் கோப்பைப் பிரிக்க முதலே
இது பொய் விபத்து என்று சொல்லத் தொடங்கினேன்.
அதில் பாதி பிழை.

சனிக்கிழமை, தியகம மைதானம்.
மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக்.
எறிபவள் நெட்டைப் பெண், கண்டிக்காரி.
அவள் பந்தில் பொட்டும் இல்லை, மையும் இல்லை.
கை மேலே போக, என் முன்கால் மெல்லத் தரையைத் தொட,
மணிக்கட்டின் ஓரம்
தெரிந்தது.

நில்.

எந்த மொழியில் என்று கேட்க நேரமிருக்கவில்லை.
பாதி சுழன்ற இடுப்பு இறுகிற்று,
கை நின்றது.
பந்து என் கணுக்காலடியில் புழுதி கிளப்பிற்று.
போ, என்று நடுவர் முதல் தளத்தைக் காட்டினார்.
நடந்து போனேன். ஓடவும் தேவையில்லை.
அடிக்காததற்கு யார் கைதட்டுவார்?

"அடிச்சனியோ?" அம்மா, தொலைபேசியில்.
"இல்லையம்மா. அடிக்கேல்லை."
"பிறகென்ன சந்தோசம்?"

அடுத்த முறை நான் போனபோது
அந்த நெட்டைப் பெண் சம்பளப் பந்தைப் போட்டாள்.
முழுதாகச் சுழன்று,
தலைக்கவசம் கண்ணை மூட,
மண்ணில் இருந்தேன்.
பந்து அதற்குப் பிறகு ஆறுதலாக வந்து சேர்ந்தது.

இன்று ஞாயிறு.
இரண்டு பந்து ரயில் பாதைக்குப் போய்விட்டன.
புதிதாக இரண்டு வாங்கிப் பச்சைப் பொட்டு வைக்கிறாள்,
நாக்கு நுனியைக் கடித்தபடி.
பச்சைக்கு அவள் மொழியில் கொள.
சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.
என் காதில் அது
இன்னும் ஒன்றும் ஆகவில்லை.