குப்பைத்தொட்டியை யாரும் கேட்கவில்லை

எலிசியோ கொண்டுவந்த பென்டிரைவ்
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
"இதற்குள்ளா?" என்றேன்.
"இதற்குள்தான்" என்றான்,
ஈரக் கையுறையை ஹீட்டர்மேல் காயப்போட்டபடி.
வெளியே புந்தா அரேனாஸின் காற்று.
தெருமுனைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு
ஒருவர் பின் ஒருவராய்
ஆட்கள் அலுவலகம் விட்டுப் போனார்கள்.

ஏழு வருட விண்டோஸ்.
இனிப் புதுப்பிப்பு கிடையாதென்று
மூன்று மாதமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது.
படகுக் காப்பீட்டுப் படிவங்கள்,
நண்டுப் பருவக் கணக்கு,
மூழ்கிய விசைப்படகுகளின் படங்கள்
எல்லாம் ஒரு டிஸ்க்கில் ஏற்றினோம்.
சாமான் ஏற்றிய வண்டியைச் சுற்றிப்பார்ப்பதுபோல்
இரண்டு முறை சரிபார்த்தோம்.

'இதிலுள்ள அனைத்தும் அழியும். தொடரலாமா?'
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்து
"போடு" என்றேன்.

லினக்ஸ் கேள்விமேல் கேள்வி கேட்டது.
எந்த ஊர், எந்த நேரம், எந்த விசைப்பலகை.
தலையில் அலை சுமக்கும் அந்த எழுத்தை
அடித்துக் காட்டச் சொன்னான் எலிசியோ.
அது வராவிட்டால்
எங்கள் ஸ்பானிஷில் ஆண்டு ஆசனவாயாகிவிடும்;
வாடிக்கையாளருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப முடியாது.
வந்தது.
இருவரும் சிரித்தோம்.

அவன் போனபின்னும்
கை மட்டும் பழைய வீட்டில்தான் இருந்தது.
இல்லாத பொத்தானைத் தேடிப்போய்
திரையின் மூலையில் முட்டிக்கொண்டே இருந்தது அம்புக்குறி.

இரவு பதினொரு மணிக்கு நினைவு வந்தது.
ஆவணங்கள் கேட்டான், படங்கள் கேட்டான்,
கடவுச்சொற்கள்கூடக் கேட்டான்.
குப்பைத்தொட்டியைக் கேட்கவில்லை.
அதற்குள்தான் இருந்தது
தங்கை நியேவெஸுக்கு எழுதிய கடிதம்,
நான்கு வருடமாய்.
அனுப்பினால் அவள் பேசமாட்டாள்.
அழித்தால்
நான் பேசவே இல்லையென்றாகிவிடும்.
ஒவ்வொரு குளிர்காலமும் வெளியே எடுத்து
ஒரு சொல்லை மாற்றி
மறுபடி எறிவேன்.

அழுகை வரட்டுமென்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
ரொட்டியில் வெண்ணெய் தடவி
நின்றபடியே தின்றேன்.

பிறகு உட்கார்ந்து
நினைவில் இருந்ததை எழுதப் பார்த்தேன்.
நான்கு பக்கக் கடிதத்தில்
ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது:
'படகை விற்கும்முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.'
அவ்வளவுதானா?
அவ்வளவுதான் போலிருக்கிறது.

சேமித்தேன்.
வழக்கம்போல் எறியப் போனேன்.
இந்தப் புதிய திரையில்
தொட்டி எங்கே இருக்கிறதென்று
எலிசியோ சொல்லித்தரவே இல்லை.