அளவுக்கு ஓர் ஆள்

மூன்று பேட்டரிகளில் இரண்டு
என் அக்குளில் இருந்தன.
குளிரில் செத்துவிடும், உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்று
விடுதிக்காரர் சொல்லியிருந்தார்.
ஆக, ஐஸ்லாந்தின் தெற்கே
அத்தனை பெரிய பனியாற்றின் முன்னால்
காய்ச்சல் பார்க்கும் பிள்ளைபோல
கையை இடுக்கிக்கொண்டு நின்றேன்.

முதலில், அது வெள்ளையே இல்லை.
எரிமலைச் சாம்பல் கோடுகோடாய் ஏறிய அழுக்கு.
தார் போட்டுப் பாதியில் விட்ட சாலைபோலச் சில இடம்.
நீலம் வெடிப்புகளுக்குள் மட்டும்,
சிம்மில் வைத்த கேஸ் அடுப்பின் நீலம்.

கேமராவை எங்கே திருப்பினாலும்
ஓரம் வெட்டுப்பட்டது.
அகல லென்ஸில் சுருங்கித்
தட்டில் சிந்திய மோராகிவிட்டது.
நீள லென்ஸில் வெறும் சுவர்,
யார் வீட்டுச் சுவர் என்று கேட்பார்கள்.
நாற்பது படம்.
ஒன்றும் பொய்யில்லை,
ஒன்றிலும் அது வரவில்லை.

பனி என்கிறோம்.
புல் நுனியில் எட்டு மணிக்குக் காணாமல் போவதற்கும்
பஸ் கண்ணாடியை டிரைவர் துடைக்கும்படி வைப்பதற்கும்
அதே சொல்.
அதைத்தான் இங்கேயும் கொண்டுவந்திருந்தேன்,
சின்னப் பையில் பெரிய சாமானைத் திணிக்கிறவள்.
பனியாறு என்று ஒட்டிச் சொல்லிப் பார்த்தேன்.
ஓடக் காணோமே என்று நினைத்தபோது
உள்ளே எங்கோ
பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டது.

ஸ்டெய்ன்வோர் அப்போதுதான் வந்தாள்.
ஆரஞ்சு மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ்,
வாயில் பாதி கடித்த கருவாடு.
வாரநாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறாளாம்.
அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மட்டும்
பனி எங்கே முடிகிறது என்று அளந்து
தலைநகருக்கு எழுதி அனுப்புகிறாள்.
சம்பளம் உண்டா?
"பெட்ரோலுக்குத் தருவார்கள்.
சில வருஷம் மறந்துவிடுவார்கள்."

டேப்பின் முனையைப் பிடிக்கச் சொன்னாள்.
மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில்
பூஜ்யத்தை அழுத்திக்கொண்டு குந்தியிருந்தேன்.
ஐம்பது மீட்டர் தீர்ந்ததும் கத்துவாள்.
ஓடிப்போய், அவள் வைத்த கூழாங்கல்லில்
மறுபடி பூஜ்யம்.
இரண்டு முறை முழுசாக.
மூன்றாவதில் பன்னிரண்டு.

மஞ்சள் கல் எந்தக் காலத்தது என்று கேட்டேன்.
"போன வருஷம் பனி அங்கே இருந்தது.
இன்றைக்கு இங்கே ஒரு கல்லுக்கு அடிப்பேன்.
பெயின்ட் டப்பா வேனில் இருக்கிறது."
வருத்தமாக இல்லையா என்று வாயெடுத்தேன்.
அவள் எண்ணை இரண்டாம் தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.
கேட்கவில்லை.

பிறகு, அவளுக்கும் ஒரு படம் வேண்டும்.
வருஷாவருஷம் அதே மேடு, அதே திசை.
பழையவற்றைப் போனில் தள்ளிக் காட்டினாள்.
முன்பு அளந்த தபால்காரர் எடுத்ததில்
படம் முழுக்கப் பனி, வானம் ஒரு கீற்று.
போன வருஷத்ததில் வானம் தாராளம்.
எல்லாவற்றிலும் கீழே யாரோ:
ஒருமுறை அவள் புருஷன்,
ஒருமுறை வழி தவறிய போலந்துக்காரர்,
யாரும் கிடைக்காத வருஷம்
வேனின் ஸ்டெப்னி.

"அங்கே போய் நில்லுங்கள். அளவுக்கு."
சிரிக்கட்டுமா?
"முகம் தெரியாது. உயரம் மட்டும் சொல்லுங்கள்."
எப்போதும் ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்கிறவள் நான்,
பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்கூட.
நூற்று ஐம்பத்து மூன்று என்றேன்.
நோட்டில் எழுதிக்கொண்டாள்,
பன்னிரண்டுக்குப் பக்கத்தில்.

நின்றேன்.
கதவை மூட மறந்த ஃப்ரிட்ஜ்போல
முதுகுக்குப் பின்னால் அது.
பீரோ மறுபடி நகர்ந்தது.
திரும்பிப் பார்க்கலாமா என்று தெரியவில்லை.
அக்குளில் இரண்டு பேட்டரியும்
வெதுவெதுவென்று இருந்தன.

தூரத்து மேட்டில் ஆரஞ்சுப் புள்ளி
கையை ஆட்டியது.
முடிந்தது என்கிறதா,
இன்னும் கொஞ்சம் தள்ளி என்கிறதா?
எதற்கும் இருக்கட்டும் என்று
ஓரடி
பின்வாங்கினேன்.